இரண்டு விலான், ஒரு ரவுட்டர்: நெட்வொர்க் அமைக்கவும் பழுது தேடவும் மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் லேபில் மாணவர்கள் மாட்டிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். கட்டளை தெரியாமல் நிற்பவர்கள் குறைவு. எல்லாக் கட்டளைகளையும் மூச்சுவிடாமல் தட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்து, அது போகவில்லை என்றதும் எங்கே கை வைப்பது என்று விழிப்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் தவறு பதினைந்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். உடனே இங்கே ஒன்றை மாற்றி, அங்கே ஒன்றை அழித்து, சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள்.

அதனால் இங்கே ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சோதனையைச் செய்யும் முன் என்ன விடை வரவேண்டும் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதியதும் வந்ததும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த படி. ஒத்துப்போகவில்லை என்றால் தவறு கடைசியாகத் தொட்ட மூன்று நான்கு வரிகளுக்குள்தான் இருக்கும்.

நாம் கட்டப்போவது ஒரு சிறிய கல்லூரித் துறைக்கான அமைப்பு. மாணவர் கணினிகள் ஒரு விலானில், ஆசிரியர் கணினிகள் இன்னொன்றில், இரண்டுக்கும் நடுவே ஒரே ரவுட்டர். விலான் என்றால் ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க். கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிஸ்கோ பாக்கெட் டிரேசர் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கும். அதில் 2911 ரவுட்டர் ஒன்று, 2960 ஸ்விட்ச் ஒன்று, பிசி நான்கு எடுத்து வையுங்கள். வேறு மாடலும் எடுக்கலாம். ஆனால் போர்ட்டின் பெயர்கள் மாறும், முதல் தடவை அந்தக் குழப்பம் வேண்டாம்.

நிஜ ஸ்விட்ச் கிடைத்தால் கன்சோல் கேபிள் வேண்டும். இப்போதைய லேப்டாப்களில் சீரியல் போர்ட் கிடையாது என்பதால் யூஎஸ்பி முனை உள்ளதாக வாங்குங்கள். புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. திரை காலியாக இருந்தால் என்டரை இரண்டு தடவை தட்டிப் பாருங்கள். குப்பை எழுத்துகளாகக் கொட்டினால் வேகம் தப்பாக இருக்கிறது என்று பொருள்.

ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே மூன்றும் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். சப்நெட் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விலானையும் சப்நெட் கணக்கையும் ஒரே நாளில் கற்கப்போய் இரண்டையும் வெறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாம் /24 தான், அதாவது மாஸ்க் 255.255.255.0.

2. முதலில் தாள்

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் படம் வரையுங்கள். எந்தக் கணினி எந்த போர்ட்டில், எந்த விலான், என்ன முகவரி, என்ன கேட்வே என்று ஒவ்வொரு கோட்டின் மேலும் எழுதுங்கள். நம்முடைய திட்டம் இது:

விலான் 10, மாணவர்: 192.168.10.0/24, கேட்வே 192.168.10.1. ஸ்விட்ச்சில் 1 முதல் 10 வரையுள்ள போர்ட்கள். பிசி1க்கு 192.168.10.11, பிசி2க்கு 192.168.10.12.

விலான் 20, ஆசிரியர்: 192.168.20.0/24, கேட்வே 192.168.20.1. போர்ட் 11 முதல் 20 வரை. பிசி3க்கு 192.168.20.11, பிசி4க்கு 192.168.20.12.

ஸ்விட்ச்சின் கிகாபிட் 0/1 போர்ட்டிலிருந்து ரவுட்டரின் கிகாபிட் 0/0 போர்ட்டுக்கு ஒரே கேபிள்.

விலான் எண்ணும் முகவரியின் மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் நள்ளிரவில் பழுது தேடும்போது 192.168.20 என்று பார்த்ததும் விலான் 20 என்று மனம் தானாகச் சொல்லும்.

192.168 தொடரை எடுத்ததற்கும் காரணம் உண்டு. 10 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தால் பாக்கெட் டிரேசர் மாஸ்க் இடத்தில் 255.0.0.0 என்று தானே நிரப்பிவிடும். நீங்கள் /24 என்று திட்டமிட்டிருப்பீர்கள். அது /8 ஆகிவிட்டதைக் கவனிக்காமல் என்டரைத் தட்டுவீர்கள். பிறகு ஒரு மணி நேரம் போகும்.

3. கேபிளும் விளக்கும்

பிசியிலிருந்து ஸ்விட்ச்சுக்கும், ஸ்விட்ச்சிலிருந்து ரவுட்டருக்கும் நேர் கேபிள். பிசி1, பிசி2 இரண்டும் போர்ட் 1, 2. பிசி3, பிசி4 இரண்டும் போர்ட் 11, 12. மின்னல் குறியுள்ள தானியங்கி கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். அது காலியாக இருக்கும் போர்ட்டில் தானாக மாட்டிவிடும். உங்கள் தாளும் திரையும் வேறுபடத் தொடங்குவது அங்கேதான்.

மாட்டியதும் ஸ்விட்ச் பக்கம் ஆரஞ்சு நிறம் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று கழற்றி மறுபடி மாட்டாதீர்கள். வளையம் ஏதும் உண்டாகிவிடுமா என்று ஸ்பானிங் ட்ரீ (போக்குவரத்து சுற்றிச் சுற்றி வருவதைத் தடுக்கும் நெறிமுறை) பார்த்துக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி, ஆக 30 நொடி. அதற்குள் கழற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ரவுட்டருக்குப் போகும் கேபிள் மட்டும் சிவப்பாகவே இருக்கும். ஸ்விட்ச் போர்ட்கள் பிறவியிலேயே திறந்தவை. ரவுட்டர் போர்ட்கள் பிறவியிலேயே மூடியவை. அதை ஏழாம் படியில் திறப்போம்.

சோதனை: நான்கு பிசி கேபிள்களும் பச்சை, ரவுட்டர் கேபிள் சிவப்பு.

நிஜக் கேபிளை நீங்களே கிரிம்ப் செய்தால் 568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியின் இருபக்கமும் பிரிந்து நிற்பதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். டெஸ்டரில் எல்லா விளக்கும் எரிந்தாலும், ஜோடி மாறியிருந்தால் கேபிள் ஓடும்போது தகராறு செய்யும்.

4. பெயரும் இரண்டு வசதிக் கட்டளைகளும்

ஸ்விட்ச்சிலும் ரவுட்டரிலும் "எனேபிள்", "கான்ஃபிகர் டெர்மினல்" என்று உள்ளே போய் முதலில் "ஹோஸ்ட்நேம்" கொடுங்கள். இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது ரவுட்டருக்கான கட்டளையை ஸ்விட்ச்சில் தட்டுவது அன்றாட நிகழ்ச்சி.

அடுத்து "நோ ஐபி டொமைன்-லுக்கப்". இது இல்லாவிட்டால், எழுத்துப் பிழையுடன் தட்டிய கட்டளையை ரவுட்டர் ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எண்ணி, அதன் முகவரியைத் தேடக் கிளம்பிவிடும். அதுவரை கீபோர்டு வேலை செய்யாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

மூன்றாவது, "லைன் கன்சோல் 0" உள்ளே "லாகிங் சின்க்ரனஸ்". நீங்கள் பாதி வரி தட்டும்போது நடுவில் வந்து விழும் அறிவிப்புகள் உங்கள் வரியைச் சிதைக்காது.

கடவுச்சொல்லை இப்போது வைக்காதீர்கள். பாடப்புத்தகம் முதலிலேயே வைக்கச் சொல்லும். லேபில் அது ஆளைப் பூட்டி வெளியே தள்ளத்தான் உதவுகிறது. எல்லாம் ஓடிய பிறகு "எனேபிள் சீக்ரெட்" வைத்துக்கொள்ளலாம். "எனேபிள் பாஸ்வேர்ட்" வேண்டாம், அது கான்ஃபிகில் வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

5. விலான்: ஸ்விட்ச்சை இரண்டாகப் பிரித்தல்

முதலில் விலானை உருவாக்குங்கள், பிறகு போர்ட்டை அதில் சேருங்கள். "விலான் 10", "நேம் மாணவர்" (பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்). அதேபோல் விலான் 20.

போர்ட்களை ஒவ்வொன்றாகச் செய்யாமல் "இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/1 - 10" என்று மொத்தமாகப் பிடித்து, "ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்", "ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 10". அதேபோல் 0/11 - 20 வரை விலான் 20.

விலானை உருவாக்காமலே போர்ட்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு ஸ்விட்ச் மட்டும் இருக்கும்போது அதுவே விலானை உருவாக்கிக்கொண்டு ஒரு வரி அறிவிப்பும் தரும். இந்தச் சலுகைதான் பின்னால் கெடுக்கிறது. இரண்டாவது ஸ்விட்ச் நடுவில் வரும்போது, அதில் விலான் 20க்கு ஒரு போர்ட்டும் இல்லை என்றால் அந்த விலானை யாரும் உருவாக்கியிருக்கமாட்டார்கள். அந்த ஸ்விட்ச் விலான் 20 சட்டகங்களை, அதாவது கம்பியில் போகும் தரவுத் துண்டுகளை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

இப்போது நான்கு பிசிகளுக்கும் தாளில் உள்ளபடி முகவரியும் மாஸ்க்கும் கேட்வேயும் கையால் கொடுங்கள். முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சோதனை ஒன்று: "ஷோ விலான் பிரீஃப்". பத்துப் பத்து போர்ட்கள் சரியான பெயருக்கு எதிரே இருக்க வேண்டும்.

சோதனை இரண்டு: பிசி1லிருந்து பிசி2க்குப் பிங் போக வேண்டும். பிசி3லிருந்து பிசி4க்கும் போக வேண்டும்.

சோதனை மூன்று: பிசி1லிருந்து பிசி3க்குப் பிங் போகக்கூடாது. இந்தத் தோல்வியைப் பார்த்துப் பதறிப் பின்வாங்குபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நோட்டில் "போகக்கூடாது" என்று முன்பே எழுதியவர் பதறமாட்டார்.

6. டிரங்க்: ஒரே கேபிளில் இரண்டு விலான்

ரவுட்டருக்குப் போவது ஒரே கேபிள். அதில் இரண்டு விலானின் போக்குவரத்தும் கலந்து போக வேண்டும், ஆனால் மறுமுனையில் பிரித்தறியவும் முடிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு சட்டகத்திலும் 4 பைட் அடையாளச் சீட்டு ஒட்டப்படுகிறது. இதற்கான விதிமுறையின் பெயர் 802.1க்யூ, சீட்டில் விலான் எண்ணுக்கு 12 பிட் இடம், அதனால்தான் விலான் எண் 1 முதல் 4094 வரை மட்டும்.

ஸ்விட்ச்சின் கிகாபிட் 0/1க்குப் போய் "ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்". அவ்வளவுதான். இரண்டு ஸ்விட்ச்களை இணைத்து ஒரு முனையை மட்டும் டிரங்க் ஆக்கினால், ஒன்றுக்கொன்று பேசி மறுமுனையும் தானாக டிரங்க் ஆவதைப் பார்த்தவர்கள், இங்கேயும் அப்படி ஆகும் என்று விட்டுவிடுகிறார்கள். ரவுட்டருக்கு அந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அந்த போர்ட் விலான் 1இல் சாதாரண போர்ட்டாகவே கிடக்கும்.

வேறு சில மாடல்களில், உதாரணமாக 3560இல், முதலில் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ" கொடுத்தால்தான் டிரங்க் ஆகும். 2960இல் அந்தக் கட்டளையே கிடையாது. வேறு மாடலுக்கான விளக்கத்தைப் பார்த்து அதை இங்கே தட்டிவிட்டு, பிழை வருகிறதே என்று தேடாதீர்கள்.

சோதனையை இப்போதே முழுமையாகச் செய்ய முடியாது, ஏனென்றால் மறுமுனை இன்னும் மூடியிருக்கிறது. ஏழாம் படி முடிந்ததும் "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்" கொடுங்கள். கிகாபிட் 0/1 அதில் தெரிய வேண்டும். "ஷோ விலான் பிரீஃப்" பட்டியலில் அந்த போர்ட்டைக் காணவில்லையே என்று தேட வேண்டாம். டிரங்க் ஆகிவிட்ட போர்ட் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

7. ரவுட்டரில் சப்இன்டர்ஃபேஸ்

சப்இன்டர்ஃபேஸ் என்பது ஒரே போர்ட்டை விலானுக்கு ஒன்றாகப் பிரித்த உள் வாசல். இந்தப் படியில் வரிசை மிக முக்கியம்.

முதலில் "இன்டர்ஃபேஸ் கிகாபிட் ஈதர்நெட் 0/0", "நோ ஷட்டவுன்". இந்தத் தாய் போர்ட்டுக்கு முகவரி கொடுக்க வேண்டாம், திறந்தால் போதும். சப்இன்டர்ஃபேஸில் "நோ ஷட்டவுன்" கொடுத்துவிட்டுத் தாயை மூடியே விட்டால் எதுவும் எழாது. எங்கள் லேபில் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

பிறகு "இன்டர்ஃபேஸ் கிகாபிட் ஈதர்நெட் 0/0.10". உள்ளே முதல் வரி "என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 10". இரண்டாவது வரி "ஐபி அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0". வரிசையை மாற்றினால் ரவுட்டர் முகவரியை ஏற்காது. எந்த விலானுக்குச் சொந்தம் என்று தெரியாத வாசலுக்கு அது முகவரி தராது.

அதேபோல் 0/0.20, டாட்1க்யூ 20, 192.168.20.1.

புள்ளிக்குப் பின் வரும் எண் வெறும் பெயர்தான். விலானைத் தீர்மானிப்பது டாட்1க்யூவுக்குப் பின் வரும் எண். 20க்குப் பதில் 2 என்று தட்டினால் ரவுட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்" பார்த்தால் எல்லாம் அப், அப் என்று இருக்கும். விலான் 20 மட்டும் செத்துக் கிடக்கும். இதைப் பிடிக்க "ஷோ ரன்னிங்-கான்ஃபிக்" பார்த்து அந்த வரியைத் தாளோடு ஒப்பிட வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

"ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்" தரும் கடைசி இரண்டு பத்திகளைப் படிக்கப் பழகுங்கள். நிர்வாக ரீதியில் டவுன் என்று வந்தால் "நோ ஷட்டவுன்" கொடுக்கவில்லை. டவுன், டவுன் என்றால் கேபிள் அல்லது மறுமுனை. அப், டவுன் என்றால் கம்பியில் சமிக்ஞை இருக்கிறது, இரண்டாம் அடுக்கில் (சட்டகங்கள் போகும் மட்டத்தில்) ஒத்துப்போகவில்லை. அப், அப் என்றால் இந்த முனை நலம். மறுமுனையில் விலான் பொருந்தியிருக்கிறதா என்பதை அது சொல்லாது.

சோதனை: "ஷோ ஐபி ரூட்". 192.168.10.0/24, 192.168.20.0/24 இரண்டும் சி என்ற எழுத்துடன் இருக்க வேண்டும், அதாவது நேரடியாக இணைந்தவை. எல் என்ற எழுத்துடன் /32 ஆக வருபவை ரவுட்டரின் சொந்த முகவரிகள். பக்கத்து வாசல்களை ரவுட்டர் தானே அறியும்; இதற்கு ரவுட்டிங் நெறிமுறை எதுவும் வேண்டாம்.

8. குறுக்கே பிங்: திரும்பி வரும் வழியையும் பாருங்கள்

பிசி1லிருந்து மூன்று பிங், இந்த வரிசையில்.

192.168.10.1: சொந்த கேட்வே. போனால் ஆக்சஸ் போர்ட், டிரங்க், சப்இன்டர்ஃபேஸ் 10 மூன்றும் சரி.

192.168.20.1: எதிர்ப்பக்க கேட்வே. இது போனால் "விலான் 20உம் சரி" என்று எழுதிவிடுவார்கள். தவறு. இந்தப் பிங்குக்கு ரவுட்டரே உள்ளிருந்து பதில் சொல்லிவிடுகிறது. விலான் 20 கேபிளை அது தொடவே இல்லை. பிசி1இல் கேட்வே சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி.

192.168.20.11: பிசி3. முதல் பதில் தவறிப்போய் மற்றவை வந்தால் கவலை வேண்டாம். மாக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) கேட்டறியும் ஏஆர்பி வேலை முடிவதற்குள் முதல் பாக்கெட்டை ரவுட்டர் கைவிட்டுவிடும். இரண்டாவது தடவை கொடுத்தால் நான்கும் வரும்.

மூன்றாவது மட்டும் போகவில்லை என்றால் பிசி3க்குப் போய் அதன் கேட்வேயைப் பாருங்கள். புதியவர்கள் பாக்கெட் போகும் வழியை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். பிங் என்பது போய்வருவது. பிசி1இன் கேள்வி பிசி3ஐச் சென்று சேர்ந்திருக்கும்; பதிலை வேறு நெட்வொர்க்குக்கு அனுப்ப பிசி3க்குக் கேட்வே தெரியாவிட்டால் பதில் அங்கேயே மடிந்துவிடும். பிசி1இல் நின்றுகொண்டு எவ்வளவு மாற்றினாலும் இது தீராது.

இதைக் கண்ணால் பார்க்க பாக்கெட் டிரேசரின் சிமுலேஷன் முறைக்கு மாறுங்கள். வடிகட்டியில் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை), ஏஆர்பி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உறையை ஒவ்வொரு அடியாக நகர்த்துங்கள். ரவுட்டருக்குள் நுழையும்போது இருந்த மாக் முகவரிகள் வெளியே வரும்போது மாறியிருக்கும். ஐபி முகவரிகள் அப்படியே இருக்கும். இந்த ஒரு காட்சியைப் பார்த்தவருக்கு இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

9. டிஹெச்சிபி, கடைசியில்தான்

கையால் கொடுத்த முகவரிகளில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகே டிஹெச்சிபி. முதலிலேயே வைத்தால், பிசிக்கு முகவரி வராதபோது குற்றம் விலானிலா, டிரங்கிலா, டிஹெச்சிபியிலா என்று பிரிக்க முடியாது.

முதல் வரி "ஐபி டிஹெச்சிபி எக்ஸ்க்ளூடட்-அட்ரஸ் 192.168.10.1 192.168.10.20". விலக்க வேண்டிய முகவரிகளை, குளத்தை (பூல், கொடுப்பதற்கென்று வைத்த முகவரித் தொகுப்பு) திறக்கும் முன்பே விலக்குங்கள். திறந்த நொடியிலேயே ஏதாவது கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு "ஐபி டிஹெச்சிபி பூல்", ஒரு பெயர், உள்ளே "நெட்வொர்க் 192.168.10.0 255.255.255.0", "டிஃபால்ட்-ரவுட்டர் 192.168.10.1". விலான் 20க்குத் தனிக் குளம், தனி விலக்கு.

இந்தக் குளம் இந்த விலானுக்கு என்று எங்கேயும் எழுதவில்லையே, ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? கோரிக்கை எந்தச் சப்இன்டர்ஃபேஸ் வழியாக வந்ததோ, அதன் முகவரி எந்தக் குளத்துக்குள் அடங்குகிறதோ அதிலிருந்து கொடுக்கிறது. அதனால் குளத்தின் நெட்வொர்க் வரியில் ஓர் எண் பிசகினாலும் முகவரி கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது.

சோதனை: பிசி2ஐ டிஹெச்சிபிக்கு மாற்றினால் 192.168.10.21 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஹெச்சிபி பதில் வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரில் "ஷோ ஐபி டிஹெச்சிபி பைண்டிங்" யாருக்கு எது போனது என்று காட்டும்.

கணினி விழித்தவுடன் முகவரி கிடைக்காமல், சற்று நேரம் கழித்துக் கேட்டால் கிடைக்கிறதா? மூன்றாம் படியில் பார்த்த அதே 30 நொடிதான். பிசி போர்ட்களில் மட்டும் "ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்" கொடுங்கள். இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட்டில் கொடுக்காதீர்கள். அங்கே வளையம் உண்டானால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

10. பழுது தேடும் வரிசை

ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது, அல்லது வேறு யாரோ அமைத்ததைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். எதையும் மாற்றும் முன் மூன்று கேள்விகள்: யாருக்கு வேலை செய்யவில்லை, யாருக்கு வேலை செய்கிறது, கடைசியாக என்ன மாறியது? ஒரு கணினிக்கு மட்டும் என்றால் அந்தக் கணினி, கேபிள், போர்ட். ஒரு விலான் முழுக்க என்றால் சப்இன்டர்ஃபேஸ் அல்லது குளம். எல்லோருக்கும் என்றால் டிரங்க் அல்லது தாய் போர்ட். இந்த மூன்று கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

பிறகு கீழிருந்து மேலே ஏறுங்கள். விளக்கு பச்சையா? கணினியில் "ஐபிகான்ஃபிக்" பார்த்தால் முகவரி, மாஸ்க், கேட்வே தாளில் உள்ளவையா? அதே விலானில் உள்ள இன்னொரு கணினிக்குப் பிங் போகிறதா? கேட்வேக்குப் போகிறதா? அடுத்த விலானுக்குப் போகிறதா? முதல் "இல்லை" எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். அதற்கு மேலே இருப்பவற்றைப் பார்ப்பது வீண்.

ஸ்விட்ச்சில் "ஷோ மாக் அட்ரஸ்-டேபிள்" என்ற கட்டளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கணினி உண்மையில் எந்த போர்ட்டில், எந்த விலானில் இருக்கிறது என்று ஸ்விட்ச்சே சாட்சி சொல்லும். ஒரு மாணவர் பத்தாம் போர்ட் என்று நம்பிப் பதினொன்றில் மாட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் ரவுட்டரை மாற்றிக்கொண்டிருந்தார். தாள் சரி, கான்ஃபிக் சரி, கை மட்டும் ஒரு துளை தள்ளிப் போய்விட்டது.

மாஸ்க் பிழை தந்திரமானது. பிசி1இல் 255.255.0.0 என்று வைத்தால் அது 192.168.20.11ஐயும் பக்கத்து வீடு என்று நினைத்து, கேட்வேயிடம் கொடுக்காமல் நேரே ஏஆர்பி கேட்கும். அந்தக் கேள்வி விலான் 20க்குள் போகாது. வேடிக்கை என்னவென்றால், நிஜ சிஸ்கோ ரவுட்டரில் பிராக்ஸி ஏஆர்பி இயல்பாகவே இயங்குவதால் ரவுட்டரே பிசி3 சார்பில் பதில் சொல்லி, பிங் போயும்விடும். தவறு மறைந்தே இருக்கும். பிராக்ஸி ஏஆர்பி அணைக்கப்பட்ட இடத்துக்கு அதே கணினியைக் கொண்டுபோகும் நாளில் வெடிக்கும். எனவே பிங் போனாலும் மாஸ்க்கைக் கண்ணால் பாருங்கள்.

நிஜ ஸ்விட்ச்சில், இணைப்பு இருக்கிறது ஆனால் ஊர்கிறது என்றால் "ஷோ இன்டர்ஃபேஸஸ்" பார்த்து சிஆர்சி பிழைகளும் (சிதைந்து வந்த சட்டகங்கள்) லேட் கொலிஷன்களும் (தாமதமாக நடக்கும் மோதல்கள்) ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு முனையில் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று கையால் பூட்டி, மறுமுனையைத் தானியங்கியில் விட்டால், அந்தத் தானியங்கி முனை பேச்சுவார்த்தை நடக்காமல் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) போய் உட்கார்ந்துவிடும். இரண்டு முனையும் தானியங்கி, அல்லது இரண்டையும் ஒரேபோல் பூட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பலன் இல்லை என்றால் அதைப் பழையபடி ஆக்கிவிட்டே அடுத்தது. இதை ஒழுங்காகச் செய்பவர்கள் வகுப்பில் இரண்டு பேர் தேறினால் அதிகம்.

11. பிங் விடையைப் படித்தல்

விண்டோஸில் உங்கள் சொந்த முகவரியிலிருந்தே "சென்றடைய முடியவில்லை" என்று பதில் வந்தால், உங்கள் கணினியால் அடுத்த வாசலின் மாக் முகவரியைக்கூடப் பெற முடியவில்லை. பிரச்சினை அருகிலேயே இருக்கிறது. கேட்வேயின் முகவரியிலிருந்து அதே செய்தி வந்தால், ரவுட்டர் வரை போயிற்று, அதற்கு மேல் வழியில்லை. "நேரம் கடந்தது" என்றால் பாக்கெட் கிளம்பியது, பதில் வரவில்லை. பெரும்பாலும் திரும்பும் வழி அல்லது ஃபயர்வால்.

நிஜக் கணினிகளில் இந்த ஃபயர்வால் பெரிய ஏமாற்றுக்காரன். விண்டோஸ் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கும். நெட்வொர்க் சரியாக இருந்தும் பிங் போகாது. பிங் கொடுத்த உடனே "ஏஆர்பி -ஏ" தட்டிப் பாருங்கள். அதே விலானில் உள்ள மறுகணினியின் மாக் முகவரி பட்டியலில் வந்திருந்தால் கம்பியும் விலானும் நலம். மேலே ஃபயர்வால்தான் கதவைச் சாத்தியிருக்கிறது. லேப்டாப்பில் சோதிக்கிறீர்கள் என்றால் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பிங் லேபைத் தாண்டிக் கல்லூரி வைஃபை வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

12. கெடுத்துப் பழகுங்கள்

ஓடும் அமைப்பைச் சேமித்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, நண்பரிடம் கொடுத்து ஒரே ஒரு இடத்தில் கெடுக்கச் சொல்லுங்கள். டாட்1க்யூ எண்ணை மாற்றலாம். ஒரு போர்ட்டை வேறு விலானில் போடலாம். டிரங்கை ஆக்சஸ் ஆக்கலாம். பிசி3இன் கேட்வேயை அழிக்கலாம். இரண்டு கணினிக்கு ஒரே முகவரி கொடுக்கலாம். என்ன செய்தார் என்று சொல்லக்கூடாது. "பிசி1லிருந்து பிசி3 போகவில்லை" என்று பயனர் புகார் சொல்வதைப்போல மட்டும் சொல்ல வேண்டும்.

20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் மூன்று வரி: அறிகுறி என்ன, முதலில் எதைச் சந்தேகித்தேன், உண்மையில் எது. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் எத்தனை தடவை வேறுபடுகின்றன என்று சில வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். நானும் ஒரு காலத்தில் எதற்கெடுத்தாலும் டிரங்கைத்தான் சந்தேகிப்பேன். நோட்டு சொல்லித்தான் அது பாதி நேரம் பிசியின் கேட்வே என்று எனக்கே தெரிந்தது.

13. சேமிப்பதும் அழிப்பதும்

நீங்கள் தட்டும் கட்டளைகள் ரன்னிங்-கான்ஃபிகில், அதாவது ரேமில் இருக்கின்றன. மின்வெட்டு வந்தால் போயிற்று. ஒவ்வொரு சோதனையும் வெற்றி பெற்றதும் "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்". சோதனை தோற்ற நிலையில் சேமிக்காதீர்கள். சேமிக்காமல் இருந்தால் "ரீலோட்" கொடுத்துக் கடைசியாக ஓடிய நிலைக்கே திரும்பிவிடலாம்.

லேப் நேரம் முடிந்து ஸ்விட்ச்சை அடுத்தவருக்குச் சுத்தமாகக் கொடுக்க "எரேஸ் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" மட்டும் போதாது. விலான்கள் அங்கே இல்லை, ஃபிளாஷில் விலான்.டாட் (vlan.dat) என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. "டெலீட் விலான்.டாட்" கொடுத்து, கோப்பின் பெயரைக் கேட்கும்போது வெறும் என்டர் தட்டுங்கள். "எரேஸ் ஃபிளாஷ்" என்று மட்டும் தட்டிவிடாதீர்கள். ஸ்விட்ச்சின் இயங்குதளமே அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக "ரீலோட்". மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்கும். நோ என்று சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் எஸ் என்று தட்டினால் ரேமில் இருக்கும் கான்ஃபிக் மறுபடி ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்துவிடும், அழித்த வேலை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.